ஏரிக்குள் கூத்து, தெருவில் ஏரி

எங்கள் ஊர் ஏரி வற்றினால்தான் கூத்து வரும். தை அறுப்பு முடிந்து, மாசியில் தண்ணீர் மதகடிக்குச் சுருங்கி, பங்குனியில் உள்வாய் முழுக்க வெடிப்பு விட்டுக் கிடக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பாரதம் வைக்க நாள் குறிப்பார்கள். களரி போடுவது ஏரிக்குள்தான். திரௌபதி அம்மன் கோயில் கரையடியில் இருந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் வந்து பாய் விரித்து உட்கார ஏரியை விட்டால் அவ்வளவு பெரிய வெறுந்தரை வேறெங்கும் கிடையாது.

செய்யாற்றுக்கும் வந்தவாசிக்கும் நடுவில் இருக்கிற ஊர். அந்தப் பக்கத்தில் 'கூத்து விடறாங்க' என்றுதான் சொல்வார்கள், மதகில் தண்ணீர் விடுவதைச் சொல்கிற மாதிரி. பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். அதே கதையை இரவில் ஜமா என்கிற கூத்துக் குழு ஆடும். பதினெட்டு இருபது நாள் இது நடக்கும். நான் சிறுவனாகப் பார்த்தது 1970களின் கடைசியில். தீவட்டி போய் பெட்ரோமாக்ஸ் வந்திருந்தது. களரியின் இரண்டு பக்கமும் கம்பில் தொங்கும் அந்த விளக்குகளை நடுச்சாமத்தில் ஒருவர் இறக்கி, காற்றடித்து மறுபடி மாட்டுவார். விளக்கு மங்கும்போது முகவீணைச் சத்தம் மட்டும் இருட்டில் தனியாக நிற்கும். முறுக்கு விற்பவரிலிருந்து கைக்குழந்தை வரை யாரும் அசைய மாட்டார்கள்.

அர்ச்சுனன் தபசுக்கு இரண்டு நாள் முன்பே பனைமரம் ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து ஏரி மண்ணில் ஆழக் குழி பறித்து நடுவார்கள். ஏறுவதற்குப் படிக்கட்டை அடித்து, உச்சியில் பலகை கட்டி, மாவிலையும் பூவும் சுற்றி வைப்பார்கள். விடியக் கருக்கலில் அர்ச்சுனன் வேஷக்காரர் அந்த மரத்தைச் சுற்றி வந்து, படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். அடியில், பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரச் சேலையோடு மண்ணில் படுத்திருப்பார்கள். உச்சிக்குப் போனதும் அவர் எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் வீசுவார். மடியில் விழுந்தால் பிள்ளை. என் ஆயா இரண்டு வருஷம் அந்த மரத்தடியில் படுத்தாள். மூன்றாம் வருஷம் பிறந்தவர் என் அப்பா. அவருக்கு அர்ச்சுனன் என்றே பெயர் வைத்தார்கள். ஈரச் சேலைக்கு வேண்டிய தண்ணீரை மதகடியில் மிச்சமிருந்த குட்டையிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டதாக ஆயா சொல்வாள். ஏரியின் கடைசித் தண்ணீர் அது.

பார்க்கிறவர் யார், ஆடுகிறவர் யார் என்று அந்தக் கூத்தில் கோடு கிழிக்க முடியாது. பகாசுரன் வதத்தன்று பீமன் மாட்டு வண்டியில் தெருத்தெருவாக வருவான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சோறு, பலகாரம், பழம் என்று வண்டியில் ஏற்றியாக வேண்டும். கொடுக்கிற கையெல்லாம் அந்தக் கணத்தில் ஏகசக்கரபுரத்துக் கை. கூத்து உங்கள் வாசலில் வந்து கை நீட்டும்போது சும்மா உட்கார்ந்து பார்க்க முடியாது.

ஆனால் எனக்கு ஏரியைக் கற்றுக் கொடுத்தவன் அர்ச்சுனனும் இல்லை, பீமனும் இல்லை. கட்டியங்காரன், கூத்தின் கோமாளி. ஜமா வந்து இறங்கிய அன்று சாயங்காலமே கட்டியம் கட்டுகிறவர் எங்கள் ஊர்க் கம்புகட்டியைக் கூட்டிக்கொண்டு கரைமேல் ஒரு நடை நடப்பார். மதகு திறந்து மூடி, வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் கம்புகட்டி. எந்த மதகில் என்ன தகராறு, யார் யாரோடு பேசுவதில்லை, கலங்கல் எந்த வருஷம் உடைந்தது, எல்லாம் அந்த நடையில் கேட்டுக்கொள்வார். இரவில் திரை விலகி துரியோதனன் வந்து நின்று, எல்லா ராஜாக்களும் கேட்கிற கேள்வியைக் கேட்பான்: "நாட்டில் மாதம் மும்மாரி பெய்கிறதா?"

கட்டியங்காரன் சனத்தைப் பார்ப்பான். "பெய்யுது மகராஜா, நல்லாத்தான் பெய்யுது. ஆனா நடு மதகுல ராத்திரி ரெண்டு மணிக்கு எவனோ கட்டையைத் தூக்கிட்றானாமே! இன்னா ஊர் இது?"

ஏரி முழுக்கச் சிரிப்பு எழும்பும். கட்டையைத் தூக்கியவர் எந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதுதான் அந்த ஊரின் மரியாதை. பஞ்சாயத்தில் கூப்பிட்டு வைத்துக் கேட்டால் வெட்டுக்குத்து வரை போயிருக்கக்கூடிய விஷயம் ஒரு சிரிப்பில் முடியும். அடுத்த போகத்தில் அவர் கட்டையைத் தொட மாட்டார். பெரிய மதகு, நடு மதகு, பனையடி மதகு என்று பெயர்களை நான் மனப்பாடம் செய்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, துரியோதனன் சபையில்.

மழை பொய்த்த வருஷம் விராட பருவம் வைப்பார்கள். அஞ்ஞாதவாசத்தில் பாண்டவர்கள் ஒளிந்திருக்கும் நாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கௌரவர்கள் யோசிக்கும்போது, தருமன் இருக்கும் நாட்டில் மழை குறையாது, பயிர் குறையாது, அப்படிப்பட்ட நாடு எது என்று பாருங்கள் என்பார் பீஷ்மர். மழையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற கதை. அதைப் படித்து ஆடினால் நம் ஊரும் விராட நாடாகும், வானம் இறங்கும் என்பது நம்பிக்கை. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும்கூட மழைக்கு விராட பருவம் படிக்கும் வழக்கம் உண்டு.

அதற்கும் மழை வராவிட்டால் கொடும்பாவி. வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, பழைய துணி சுற்றி, தெருத்தெருவாகத் தரையில் இழுத்துக்கொண்டு போவார்கள். பின்னால் ஆண்களும் பெண்களும் சாவு வீட்டில் அடித்துக்கொள்வது போல மாரடித்துக்கொண்டு அழுவார்கள். கடைசியில் ஊர் எல்லையில் வைத்துக் கொளுத்துவார்கள். வேறு சில பக்கங்களில் மழைச்சோறு எடுப்பது வழக்கம். பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு வாங்கி, பொதுவிடத்தில் கூடிச் சாப்பிட்டு, இந்த ஊரில் இனி பிழைக்க வழியில்லை என்று ஒப்பாரி வைப்பார்கள். இதையெல்லாம் சடங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு நாடகமாகத்தான் தெரிகிறது. மேடை கிடையாது, பார்வையாளர் என்று ஒருவர்கூடக் கிடையாது, ஊரே ஆடும். பார்க்க வேண்டியவர் மேலே இருந்தார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஏரிதான் கொடுத்தது. மீன் குத்தகையும், கரையிலிருந்த புளி, பனைக் குத்தகையும் ஊர்ப் பொதுவில் சேரும். கலங்கல் கட்டியது போக, வரத்துக்கால் வெட்டியது போக மிஞ்சியதில் ஜமாவுக்கு முன்பணம் போகும். ஏரி ஊரைக் கட்டிப்போட்டிருந்த விதம் அது. ஆள் ஆளாக வைத்துக்கொள்ள முடியாத சொத்து. பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 921ஆம் ஆண்டினது, குடவோலையில் ஆள் எடுப்பதைச் சொல்கிறது. அதில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். மதுராந்தகத்திலோ பெருமாளுக்கே ஏரி காத்த ராமர் என்று பெயர். 1790களின் கடைசியில், அடைமழையில் உடைய இருந்த கரையை வில்லோடு நின்று இரண்டு வாலிபர்கள் காத்ததைக் கும்பினி கலெக்டர் லயனல் பிளேஸ் பார்த்தார் என்று அங்கே கதை. கதையோ நடந்ததோ, கரை உடைகிற ராத்திரியில் ஒரு ஊர் என்ன பாடுபடும் என்று தெரிந்தவர்கள்தான் அப்படி ஒரு சாமியை நினைத்திருக்க முடியும்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் அந்தக் காலம் பொன்னாகத் தெரியும். பொன் இல்லை. கூத்துக்கு ஏரிக்குள் எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் ஒரே இடத்தில் உட்காரவில்லை. காலனி ஜனம் களரிக்குப் பின்புறம், விளக்கு எட்டாத பக்கம். கரைமேல் கட்டியங்காரனை நடத்திக்கொண்டு போன கம்புகட்டி காலனிக்காரர். ஏரி நீரின் முழுக்கணக்கும் அவர் தலைக்குள் இருந்தது, அவருடைய தெருவுக்குக் குடிக்கத் தனிக் கிணறு. பாஞ்சாலி முதல் சுபத்திரை வரை ஆண்களே பெண் வேஷம் கட்டினார்கள். தண்ணீர்க் குடம் சுமந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள், தண்ணீரைப் பற்றிக் களரியில் பேசிய வாய் ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. இதை அப்போது நான் யோசித்ததே கிடையாது.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் வந்தது மோட்டார். கிணறு வைத்திருந்தவர்கள் ஆயில் இஞ்சினிலிருந்து கரண்டுக்கு மாறினார்கள். 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. சின்ன விவசாயியின் வயிற்றில் பால் வார்த்த காரியம் அது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஏரிப் பாசனத்துக்கு ஒரு ஊர் சேர வேண்டியிருந்தது, மோட்டார் போட ஒரு விரல் போதுமாக இருந்தது. கிணறு உள்ளவர் ஏரிக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். வரத்துக்கால் வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்புவது நின்றது. கம்புகட்டிக்குக் களத்தில் அளந்து கொடுத்த நெல் குறைந்து குறைந்து, அவர் மகன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். கிணற்றுக்குக் கீழே ஆழ்துளை இறங்கியது. அந்தக் கிணறுகளுக்கெல்லாம் ஊற்று கொடுத்ததே ஏரிதான் என்பது, ஏரி நிரம்பாத மூன்று வருஷம் தொடர்ந்து வந்தபோது தெரிந்தது.

தமிழ்நாட்டில் 39,000க்கு மேல் ஏரிகள் உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை ஒரு துறையிடம், சின்னவை ஊராட்சி ஒன்றியத்திடம். குத்தகைப் பணமும் ஊர்க் கையைவிட்டு அரசுக் கணக்குக்குப் போனது. உள்வாயில் வேலிக்காத்தான் மண்டியது. அந்த முள்ளுக்குள் பாய் விரிக்க முடியாது. கூத்து கரையேறி, கோயில் முன்னால் போட்ட சிமெண்டுத் தரைக்கு வந்தது. இருபது நாள் பத்தானது, பத்து ஐந்தானது. குழல் விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தன. ராஜா இப்போதும் "மாதம் மும்மாரி பெய்கிறதா?" என்று கேட்கிறான். கட்டியங்காரன் பதிலுக்கு ஒரு சினிமா வசனம் சொல்கிறான். கட்டியம் கட்டுகிறவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். காலையில் ஒரு ஊர், மாலையில் ஒரு ஊர் என்று வேனில் ஓடுகிற மனிதரைக் கரைமேல் கூட்டிப் போக யாரும் இல்லை.

கூத்து ஏரியை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இன்னொரு வகை நாடகம் தெருவுக்குள் நுழைந்தது. 1980இல் வங்காளத்திலிருந்து வந்த பாதல் சர்க்கார் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலத்தில் ஒரு நாடகப் பட்டறை நடத்தினார். மேடையும் விளக்கும் ஒப்பனையும் இல்லாமல், உடம்பையும் குரலையும் மட்டும் நம்பி, சனங்களுக்கு நடுவே நின்று நடிக்கிற முறை. தமிழில் பிறகு வந்த பல வீதி நாடகக் குழுக்களின் வேர் அங்கே இருக்கிறது. 1984இல் பிரளயன் தொடங்கிய சென்னைக் கலைக்குழு வந்தது. 1990இல் அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஜாதா என்று வேனில் ஊர் ஊராக வந்தார்கள். எங்கள் ஊருக்கும் ஒரு வேன் வந்தது. எழுத்தறிவு பற்றிய நாடகம்தான் முக்கியம், இடையில் குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது பற்றிக் கால் மணி நேரம் ஒன்று போட்டார்கள். அதில் பெண்ணாக நடித்தது பெண். என் ஆயா அன்றைக்குக் கன்னத்தில் கை வைத்தவள், நாடகம் முடிகிற வரை எடுக்கவில்லை. நாடகம் காலனிக்கு நடுவில் நடந்தது. ஊர்த் தெருக்காரர்கள் அங்கே போய் நின்று பார்த்தார்கள். கூத்து நூறு வருஷத்தில் செய்யாததை அந்த வேன் ஒரு சாயங்காலத்தில் செய்தது.

தண்ணீரே கதையானது அதற்குப் பிறகு. 2003இல் கட்டடங்கள் எல்லாவற்றிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2019 ஜூலையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நடுவே நான்கு வருஷம்கூட இல்லை. இதற்கிடையே 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் அரசு, ஊரார் சேர்ந்து நீர்நிலையைச் செப்பனிடும் குடிமராமத்தை மறுபடி தொடங்கியது. அதே வருஷம் பொங்கலுக்கு 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. கபேர் வாசுகி எழுதி, டி. எம். கிருஷ்ணா சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடியது. புறம்போக்கு என்ற சொல் வசவாக மாறியிருந்த காலத்தில், ஏரியும் மேய்ச்சலும் கழிமுகமும் எல்லோருக்கும் பொது என்ற அதன் பழைய பொருளை அந்தப் பாட்டு தூசி தட்டி எடுத்தது. எங்கள் ஊர் அடங்கலில் 'ஏரி புறம்போக்கு' என்று இருப்பதை நான் அதற்குப் பிறகுதான் வேறு கண்ணால் பார்த்தேன்.

தண்ணீர் விழிப்புணர்வு நாடகம் இப்போது சந்தைக்குச் சந்தை நடக்கிறது. பச்சை பேனர் கட்டிய வேன், ஒரே நிற பனியன், பறையும் ஒலிபெருக்கியும், இருபது நிமிஷம். நீரைச் சேமியுங்கள், மரம் நடுங்கள், மழைநீரை நிலத்தில் இறக்குங்கள். சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை. பேருந்து நிலையத்தில் அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடகம் முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டார்கள். அவர்களுடைய நாடகத்தில் ஒரு ஏரி வந்தது, அதற்குப் பெயர் இல்லை. பெயரில்லாத ஏரிக்காக யாரும் மண்வெட்டி எடுக்க மாட்டார்கள். நடித்த பிள்ளைகள் உயிரைக் கொடுத்து நடித்தார்கள், கூலியும் சொற்பம்தான் என்று ஒருவர் சொன்னார். அவர்கள் கையில் கொடுத்த கதை எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதப்பட்டிருந்தது. அதனால் எந்த ஊரிலும் ஒட்டவில்லை.

போன ஆவணியில் எங்கள் ஊருக்கு வந்தவர்கள் வேறு மாதிரி. ஏழு பேர், அதில் மூன்று பெண்கள். பேனர் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. முந்தின நாளே வந்து பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொண்டார்கள். ஊர்த் தெருவும் காலனியும் சேர்கிற முச்சந்தியில், பறை அடித்து ஆள் கூட்டி, தார் ரோட்டின் மேல் ஒரு நீலத் துணியை விரித்தார்கள். பழைய சேலைகளைக் கிழித்து ஒட்டுப் போட்டது, நல்ல அகலம். கோலமாவால் அதைச் சுற்றிக் கரை வரைந்தார்கள். பிறகு அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "இது உங்க ஏரின்னு வச்சிக்கங்க. மதகு எங்க இருக்கு?"

யாரும் பேசவில்லை. ஒரு பையன் செங்கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் வைத்தான். "அது கோயில்டா, மதகு இல்ல" என்று ஒரு குரல். சிரிப்பு. பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். பெரிய மதகுக்கு ஒரு செங்கல், நடு மதகுக்கு ஒன்று. பனையடி மதகை நான் போய் வைத்தேன். மூன்று.

"நாலாவது எங்கடா?"

காலனிப் பக்கத்திலிருந்து ஒரு கிழவி. எண்பது வயதுக்குக் குறையாது. இடுப்பிலிருந்த பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். துணியைச் சுற்றி நடந்து, எங்களில் யாரும் திரும்பிப் பார்க்காத கோடியில் குடத்தை நங்கென்று வைத்தாள். "இங்க. கடை மதகு. எங்க கழனிக்குத் தண்ணி இதுலதான் வரும். எங்க வூட்டுக்காரருதான் திறப்பாரு." அவள் பழைய கம்புகட்டியின் மனைவி.

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அந்த ஏரியில் நீந்தியிருக்கிறேன், அதற்குள் ராத்திரி ராத்திரியாகக் கூத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஏரிக்கு நாலாவது மதகு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். துரியோதனன் சபையில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. கட்டியங்காரனோடு கரைமேல் நடந்த கம்புகட்டி சொல்லியிருப்பார். களரியில் சொல்ல வேண்டாம் என்று யாரோ நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு நாடகம் குழுவின் கையில் இல்லை. குழுவில் ஒருவர் மனை வியாபாரியாக வந்து துணியின் ஒரு முனையைச் சுருட்ட ஆரம்பித்தார். "இங்கதான் தண்ணியே வர்றதில்லையே, பிளாட் போட்டா இன்னா?" என்றார். குழுப் பெண் கூட்டத்தைப் பார்த்து, "யாராவது நிறுத்தணும்னா உள்ள வாங்க" என்றாள். இப்படி வேடிக்கை பார்க்கிறவரையே நடிகராக உள்ளே இழுக்கிற முறையைப் பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் ஒழுங்குபடுத்தினார், வங்காளத்தில் ஜன சம்ஸ்கிருதி குழு 1985 முதல் கிராமங்களில் செய்து வருகிறது. எங்கள் முச்சந்தியில் அதற்குப் பெயர் தேவைப்படவில்லை. எட்டாவது படிக்கிற ஒரு பெண் ஓடிவந்து சுருட்டிய துணியின் மேல் ஏறி நின்றுகொண்டாள். "இறங்கு பாப்பா, பணம் தர்றேன்" என்றார் வியாபாரி. அவள் வாய் திறக்கவே இல்லை. கால் விரலை மடக்கித் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கால் விரல்கள் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கின்றன. பின்னாலேயே நாலைந்து பிள்ளைகள் ஏறினார்கள். அப்புறம் ஒரு பெரியவர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார்.

வியாபாரி சுருட்டுவதை நிறுத்திவிட்டு நடிப்பையும் நிறுத்தினார். "அந்த மதகை எங்களுக்குக் காட்டுவீங்களா ஆயா?" என்று சாதாரணக் குரலில் கேட்டார்.

முன்னால் கிழவி, பின்னால் குழு, அதற்குப் பின்னால் நாங்கள் அறுபது எழுபது பேர். கரைமேல் முக்கால் மைல். வேலிக்காத்தான் முள் இரண்டு பக்கமும் கிழித்தது. ஓரிடத்தில் நின்று கையை நீட்டினாள். கத்தி வைத்திருந்தவர்கள் முள்ளை வெட்ட வெட்ட உள்ளே கல் தெரிந்தது. இரண்டு தூண், மேலே குறுக்குக் கல், அதில் மதகுக் கட்டை இறங்குகிற ஓட்டை. தூணின் உட்புறம் கட்டை ஏறி இறங்கி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. கிழவி அந்த வழவழப்பை உள்ளங்கையால் தடவினாள். யாரும் எதுவும் பேசவில்லை. வெளிப்புறம் கால்வாய் இருந்த தடமே இல்லை. பள்ளம் மூடி, பாதி தூரத்துக்கு ஒருவர் வேலி போட்டிருந்தார். வேலி போட்டவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பழைய நாளைப் போலவே யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

குழு மறுநாள் காலை போய்விட்டது. இந்த மாதிரி நாடகத்தின் குறை அது, அவர்களும் அறிந்ததுதான். அடுத்த வருஷம் வருவார்களா என்பது யாராவது நிதி கொடுப்பதைப் பொறுத்தது. பழைய கூத்துக்கு ஏரியே படி அளந்தது, அதனால் வருஷம் தவறாமல் வந்தது. ஆனால் அந்தக் கூத்தால் காண முடியாத மதகை இவர்கள் ஒரு கிழிந்த சேலையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். இவர்கள் பாடம் எதையும் கொண்டு வரவில்லை, கேள்வியைக் கொண்டு வந்தார்கள். பதிலை ஊர் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே தெ ப்ருய்னும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், 2020 வரை ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் கூத்துச் சொல்லிக் கொடுத்தது. பெண்கள் கட்டை என்கிற மர அணிகளைக் கட்டி ஆடுவதை எங்கள் பக்கத்து ஜனமும் பார்த்துவிட்டார்கள். கூத்து மாறாதது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெட்ரோமாக்ஸுக்கு மாறியது, ஒலிபெருக்கிக்கு மாறியது, பெண்களுக்கும் இடம் விட்டது. நாலாவது மதகுக்கும் அதில் இடம் இருக்கும்.

ஐப்பசியில் நல்ல மழை. ஏரி கோடி போகவில்லை, முக்கால்வாசி நிரம்பியது. வேலி இன்னும் இருக்கிறது. ஊராட்சிக் கூட்டத்தில் காலனிப் பெண்கள் இரண்டு முறை பேசியிருக்கிறார்கள், மூன்றாவது முறையும் பேசப் போகிறார்கள். கடை மதகின் முள்ளை மட்டும் பிள்ளைகள் மறுபடி வளர விடாமல் வெட்டி வருகிறார்கள்.

தை கடைசியில் ஒரு நாள் ஜமா வாத்தியார் போன் செய்தார். பங்குனியில் ஐந்து நாள் கூத்துக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார். முச்சந்தியில் நடந்தது அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"சார், உங்க ஊரு மதகு பேரெல்லாம் எழுதி அனுப்புங்களேன். நம்ம கட்டியங்காரன் சின்னப் பையன், புதுசு. ராஜா மும்மாரி கேக்கறப்ப சொல்றதுக்கு வேணும்."

அன்றைக்கே எழுதி அனுப்பினேன். கடை மதகு, பெரிய மதகு, நடு மதகு, பனையடி மதகு. கொஞ்ச நேரத்தில் மறுபடி போன்.

"முப்பது வருஷமா உங்க ஊருக்கு வர்றோம். இந்த முதல் பேரு நாங்க கேட்டதே இல்லையே, எங்க இருக்குது?"

கூத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பையனை அனுப்பச் சொன்னேன். கரைமேல் கூட்டிப் போக ஒரு ஆயா இருக்கிறாள் என்றேன்.